உலோக-கரிமச் சட்டகங்களில் வளியும் அயோடினும் பிணிக்கப்படுமாறு

1. முன்னுரை

நுண்டுளைகள் நிறைந்த பொருள் வளியையும் ஆவியையும் தன்னகத்தே பிணித்து வைக்க வல்லது என்பது வேதியியலார் நெடுங்காலம் அறிந்த உண்மை. மரக்கரி இவ்வாற்றல் உடையது. களிமண் வகைகளும் ஓரளவு உடையன. ஆயின், துளையின் அளவு, அதன் வடிவு, சுவரின் இயல்பு ஆகிய மூன்றையும் முன்னரே வகுத்துக்கொண்டு அவற்றுக்கேற்பப் பொருளைப் படைக்கும் கலை இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே தோன்றிற்று. அக்கலையாற் பிறந்தவையே உலோக-கரிமச் சட்டகங்கள். இவற்றை உருவாக்கி வளர்த்தமைக்காக மெல்போர்ன் பல்கலைக்கழகத்து ரிச்சர்டு ராப்சன், கியோட்டோப் பல்கலைக்கழகத்துச் சுசுமு கிட்டகாவா, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இலக்கணமும் இலக்கியமும் ஆராயும் இதழில் இப்பொருளுக்கு இடம் யாது எனச் சிலர் வினவுதல் கூடும். அதற்கு விடை இரண்டு. முதலாவது, அறிவியற் கருத்தொன்று தமிழில் நிலைபெற வேண்டுமெனின், அதன் நுட்பங்களைப் பிரித்துக் காட்டும் சொற்கள் தமிழறிந்தாரால் ஆய்ந்து கொள்ளப்படல் வேண்டும். வேதியியலார் மட்டும் தனித்துச் செய்யும் பணியன்று அது. இரண்டாவது, இப்பொருள் நமக்குத் தொலைவிலுள்ளதன்று. சோழமண்டலக் கடற்கரையிற் கல்பாக்கத்திலும் தென்கோடியிற் கூடங்குளத்திலும் அணுவுலைகள் அமைந்துள்ளன. அணுவுலையின் எரிபொருளுள் பிறக்கும் கழிபொருள்களுள் ஒன்று அயோடின். அது காற்றிற் கலவாமற் காக்கப்படல் வேண்டும் என்பது இந்நாட்டு மக்களின் நலம் பற்றியது.

ஒரு சட்டகம் எத்துணைப் பொருளைப் பிணிக்கும் என்பதை அதன் உள்ளிருக்கும் வெற்றிடத்தின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. அவ்வெற்றிடத்தைச் சூழ்ந்த சுவரின் இயல்பே முதன்மையாக முடிவு செய்கின்றது. ஆதலின், சட்டகம் சிதையாதவாறு அதன் உட்சுவரைத் திருத்துவதே இத்துறை ஆராய்ச்சியின் உயிர்நிலை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சொல்லும் பொருளும்

திருவண்ணாமலையின் மேற்றிசைப் பக்கத்தில், மலைவலம் வரும் நெடுவழியை ஒட்டி அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. இவ்வூரின் பெயர் அடி அண்ணாமலை எனவும் ஆதி அண்ணாமலை எனவும் இருவகையாக வழங்குகின்றது. அடி எனக் கொள்ளின் மலையின் தாள் என்பது பொருள். ஆதி எனக் கொள்ளின் தொன்மை என்பது பொருள். ஒலியளவில் நெருங்கி நிற்கும் இரு வடிவங்கள் பொருளளவில் இடத்தையும் காலத்தையும் தனித்தனியே சுட்டுகின்றன. ஊர்ப்பெயரில் இருவடிவும் வழங்குவதால் இழுக்கொன்றும் இல்லை. ஆயின், கலைச்சொல்லில் இத்தகைய நெகிழ்ச்சி இருப்பின் கருத்தே மாறிவிடும்.

வேதியியலில் அவ்வாறு மயங்குதற்கு இடமான சொற்கள் இரண்டு. நீர் பஞ்சினுட் புகுந்து அதன் உடல் முழுதும் பரவுதல் உறிஞ்சல் எனப்படும். வளியின் மூலக்கூறுகள் ஒரு திண்பொருளின் மேற்பரப்பில் வந்து ஒட்டி நிற்றல் பரப்புக் கவர்ச்சி எனப்படும். முன்னதில் ஏற்கும் பொருளின் உடல் முழுதும் பங்கு கொள்கின்றது. பின்னதில் பரப்பு மட்டுமே பங்கு கொள்கின்றது. பொதுவழக்கில் இரண்டையும் உறிஞ்சுதல் என்றே கூறிவிடுகின்றோம். அங்ஙனம் கூறின் பின்வரும் செய்திகளுள் ஒன்றும் விளங்காது.

சிலர் பரப்புக் கவர்ச்சியைப் புறப்பரப்புக் கவர்ச்சி என்று எழுதுவர். மரப்பலகை போன்ற பொருளுக்கு அச்சொல் பொருந்தும். நுண்டுளைப் பொருளில் நிகழ்வதோ வேறு. அங்குக் கவரும் பரப்பு பொருளின் புறத்தே இல்லை. அகத்தே, துளைகளின் சுவர்களாக மறைந்து கிடக்கின்றது. புறம் எனப் பெயரிட்டு அகத்தில் நிகழ்வதைக் குறித்தல், அகப்பொருளையும் புறப்பொருளையும் வேறு பிரித்துணர்ந்த தமிழ்மரபுக்கு ஒவ்வாது. ஆதலின் பரப்புக் கவர்ச்சி என்னும் பொதுச்சொல்லே இங்குக் கொள்ளத்தக்கது.

தமிழில் வேதியியல் நூல் எழுதும் முயற்சி புதியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணி ஆற்றிய சாமுவேல் கிரீன் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரால் வேதியியல் நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் அறிவியற் பொருள்கள் பலவற்றை எளிய நடையில் விளக்கிற்று. அவ்வழியில் வந்த நாம், நூலின் பெயரையே கடன் வாங்கும் நிலையினின்று ஓரடி முன்சென்று, கருத்தின் உட்பிரிவுகளுக்கும் தக்க சொற்களைத் தேர்தல் கடன்.

3. பதங்கமாகும் பொருளும் அதன் இடரும்

திண்பொருள் உருகி நீர்மமாகாமல் நேரே ஆவியாதலைப் பதங்கமாதல் என்பர். இதற்குத் தமிழ்மக்கள் நன்கறிந்த சான்று கற்பூரம். 14 கிலோமீட்டர் நீளமுள்ள மலைவலப் பாதையில் முழுநிலா நாளன்று திரளும் மக்கள் எண்திசை இலிங்கங்களின் முன்னும் அடி அண்ணாமலைக் கோயிலின் முன்னும் ஏற்றும் கற்பூரம், எரியாமல் திறந்து வைக்கப்பட்டாலும் நாளடைவில் தேய்ந்து மறைந்துவிடும். கற்பூரப் பெட்டியில் மிளகு சிலவற்றை இட்டு வைக்கும் வீட்டுவழக்கம் இத்தேய்வைத் தடுக்க எழுந்ததே. மறைந்த கற்பூரம் அழிந்ததன்று. காற்றிற் கலந்து நிற்கின்றது. அதன் மணமே அதற்குச் சான்று.

அயோடினும் இவ்வியல்புடையது. கருஞ்சாம்பல் நிறமும் மின்னும் தோற்றமும் உடைய அதன் படிகங்கள் இளஞ்சூட்டிலேயே ஊதா நிற ஆவியாக எழும். மருந்துக் கடையில் விற்கும் அயோடின் நமக்குத் தீங்கு செய்வதன்று. உப்பிற் சிற்றளவு கலந்து உண்ணவும் படுகின்றது. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி தன் தொழிலுக்கு அயோடினையே வேண்டி நிற்கின்றது. இடர் பிறப்பதும் இவ்வேட்கையாலேயே. கதிரியக்கம் உடைய அயோடினையும் இல்லாத அயோடினையும் வேறு பிரித்தறிய அச்சுரப்பி வல்லதன்று. இரண்டையும் ஒருதன்மையவாகச் சேர்த்து வைக்கும்.

அணுவுலையில் யுரேனியம் பிளவுறும்போது பிறக்கும் அயோடின் வகைகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கன. அயோடின்-131 என்பதன் அரைவாழ்வு ஏறத்தாழ 8 நாள். எட்டு நாளில் பாதியும், பதினாறு நாளில் காற்பங்கும் எனக் குறைந்து, 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அயோடின்-129 என்பதன் அரைவாழ்வு ஏறத்தாழ 1 கோடியே 57 இலட்சம் ஆண்டு. முன்னது விரைந்து அழிவதாயினும் கதிர்வீச்சு மிக்கது. பின்னது வீச்சுக் குறைந்ததாயினும் மக்கள் வரலாற்றின் எல்லைக்குள் அழியாதது.

1986இல் செர்னோபில் உலை வெடித்தபோது காற்றிற் சென்ற அயோடின்-131 புல்லில் படிந்தது. புல்லை மேய்ந்த மாட்டின் பாலிற் சேர்ந்தது. பாலை உண்ட குழந்தைகளின் தைராய்டுச் சுரப்பியில் தங்கிற்று. பின்னை ஆண்டுகளில் உக்ரைன், பெலாரசு முதலிய பகுதிகளிற் குழந்தைகளாய் இருந்தோரிடையே தைராய்டுப் புற்றுநோய் மிகுந்தமைக்கு இதுவே காரணமென ஆராய்ச்சியாளர் தெளிந்தனர். காற்று, புல், பால், குழந்தை என்னும் இத்தொடர், கறவை மாடு வளர்ப்பு மிகுந்த திருவண்ணாமலை போன்ற மாவட்டத்தார்க்கு எளிதில் விளங்குவது. தொடரின் முதற்கண்ணியில், அயோடின் காற்றிற் கலக்கும் முன்னரே, அதனைப் பிணித்துவிடுவதே முறையான காப்பு.

கல்பாக்கத்து மின்னிலையத்தின் முதலலகு 1984இலும் இரண்டாம் அலகு 1986இலும் வணிகமுறையில் மின் வழங்கத் தொடங்கின. எரிந்து தீர்ந்த எரிபொருளை மறுபதப்படுத்தும் ஆலை அங்கு 1998இல் இயங்கத் தொடங்கிற்று. அத்தகைய ஆலையில் எரிபொருள் நைட்ரிக் அமிலத்திற் கரைக்கப்படுகின்றது. நெடுநாள் ஆறவிட்ட எரிபொருளாதலின் அயோடின்-131 பெரும்பாலும் அழிந்திருக்கும். எஞ்சி நிற்பது அயோடின்-129. கரைக்குங்கால் அது ஆவியாகி, நைட்ரஜன் ஆக்சைடுகளோடும் நீராவியோடும் கலந்து எழும். அவ்வாவியைப் புகைபோக்கிக்குச் செல்லவிடாது வழியிற் பிணித்தல் வேண்டும்.

4. சட்டகத்தின் அமைப்பு

உலகெங்கும் அணுவுலைகளின் காற்றோட்ட வழிகளில் இதற்கெனப் பயன்படுவது மருந்தூட்டிய கரி. மறுபதப்படுத்தும் தொழிலில் வெள்ளி ஏற்றிய சியோலைட்டுக் கனிமமும் பயன்படுகின்றது. கரியின் துளைகள் ஒழுங்கற்றவை. ஒரு துளை போல் மற்றொன்று இராது. வெள்ளியோ விலைமிக்கது. இவ்விரு குறையும் நீங்கிய பொருளைத் தேடுவோர் உலோக-கரிமச் சட்டகங்களின்பால் கருத்தைச் செலுத்தினர்.

சட்டகத்தின் அமைப்பை உணர்தற்குத் திருவண்ணாமலைப் பெருங்கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தை நினைவு கொள்க. தூண்களும் உத்திரங்களும் ஒழுங்குற இணைந்து நிற்ப, அவற்றிடையே மக்கள் புகுந்து இயங்கும் வெளி அமைந்துள்ளது. கல்லின் அளவினும் வெளியின் அளவு பெரிது. சட்டகத்திலும் இவ்வாறே. உலோக அயனிகள் அல்லது அவற்றின் சிறுதிரள்கள் முடிச்சுகளாக நிற்கும். கரிம மூலக்கூறுகள் உத்திரங்களாக நின்று முடிச்சோடு முடிச்சை இணைக்கும். இவற்றை இணைப்பிகள் எனலாம். மண்டபம் நாற்றிசையும் பரந்தது. சட்டகம் மேலும் கீழுமாகவும் அடுக்கடுக்காகப் பரந்தது. ஓர் உப்புப் பரலினும் சிறிய படிகத்துள் இவ்வொழுங்கு கோடானு கோடி முறை திரும்ப வரும்.

1989இல் ராப்சன் செம்பு அயனிகளை நான்கு கைகளையுடைய கரிம மூலக்கூறுகளோடு இணைத்து, வைரத்தின் அமைப்பை ஒத்ததாயினும் உள்ளே பெருவெளியுடைய படிகத்தைப் படைத்தார். அது எளிதிற் சிதைவதாயிருந்தது. 1997இல் கிட்டகாவா, அறைகளிலிருந்த நீரை வெளியேற்றிய பின்னரும் சிதையாது நின்று மீதேன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய வளிகளை ஏற்றுப் பின் விடுக்கும் சட்டகத்தைக் காட்டினார். 1999இல் யாகியின் குழுவினர் துத்தநாகத்தை முடிச்சாகக் கொண்ட எம்.ஓ.எஃப்.-5 என்பதைப் படைத்தனர். அதே ஆண்டில் ஆங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் செம்பினாலாகிய சட்டகமொன்றை வெளியிட்டனர். அது அப்பல்கலைக்கழகத்தின் பெயராலேயே வழங்குகின்றது. ஈண்டு அதனை ஆங்காங் சட்டகம் எனக் குறிப்போம்.

இச்சட்டகங்களின் உட்பரப்பு வியத்தற்குரியது. 2012இல் அறிவிக்கப்பட்ட ஒரு சட்டகத்தின் ஒரு கிராமுக்கு 7,140 சதுர மீட்டர் பரப்பு அளவிடப்பெற்றது. நம் நில அளவையிற் கூறின் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். ஒரு கிராம் பொருளுள் ஒன்றே முக்கால் ஏக்கர் நிலத்தின் பரப்பு மடிந்து கிடக்கின்றது என்க.

5. புழையும் அறையும்

துளை என்னும் ஒரே சொல் இங்குப் போதாது. மூலக்கூறு நுழையும் வாயில் வேறு. நுழைந்தபின் தங்கும் இடம் வேறு. முன்னதைப் புழை எனவும் பின்னதை அறை எனவும் கொள்வோம்.

இவ்வேறுபாட்டின் பயனை இசட்.ஐ.எஃப்.-8 என்னும் சட்டகத்திற் காணலாம். துத்தநாகமும் மெத்தில் இமிடசோலும் சேர்ந்த இதன் புழை 0.34 நானோமீட்டர் அகலமுடையது, அறையோ 1.16 நானோமீட்டர் அகலமுடையது. அயோடின் மூலக்கூறின் குறுக்களவு ஏறத்தாழ 0.335 நானோமீட்டர். வாயிலும் வருவோனும் ஓரளவினர். 2011இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தார் இச்சட்டகத்தை அயோடின் ஆவியில் வைத்தனர். ஒரு கிராம் சட்டகம் 1.25 கிராம் அயோடினை ஏற்றது. தன் எடையினும் மிகுந்த பொருளைத் தாங்கிற்று. வெளிப்பரப்பில் ஒட்டிய சிறுபங்கு மெல்லிய சூட்டில் நீங்கிற்று. அறைகளுட் புகுந்த பெரும்பங்கோ சட்டகம் சிதையும் வெப்பநிலை வரை நீங்கவில்லை. புறத்தே ஒட்டியதற்கும் அகத்தே தங்கியதற்கும் உள்ள வேற்றுமை இதனால் தெளிவாகும்.

அளவு பொருந்தியமையால் வந்த வெற்றி இது. ஆயின் எல்லாப் பொருளையும் அளவு கொண்டே பிரித்தல் இயலாது. கரியமில வாயுவின் குறுக்களவு 0.33 நானோமீட்டர், நைட்ரஜனின் குறுக்களவு 0.364, நீரின் அளவு ஏறத்தாழ 0.26. அனல்மின் நிலையத்தின் புகையில் இம்மூன்றும் கலந்தே வருகின்றன. கரியமில வாயு புகும் வாயிலில் அதனினும் சிறிய நீர் தடையின்றிப் புகும். வாயிற்காவல் ஒன்றே போதாது. உள்ளே இருப்பவன் யாரை விரும்பி ஏற்கின்றான் என்பதும் வேண்டும். அவ்விருப்பத்தை அமைப்பதே உட்சுவரைத் திருத்தும் பணி.

6. உட்சுவரைத் திருத்தும் நெறிகள்

திருத்தும் நெறிகளை ஐந்தாக வகுத்துக் கூறலாம்.

முதல் நெறி வறிதாக்கல். சட்டகம் கரைசலிற் பிறக்கும்போது அதன் உலோக முடிச்சுகளில் நீர் முதலிய மூலக்கூறுகள் பற்றிக்கொண்டிருக்கும். வெப்பத்தாலும் வெற்றிடத்தாலும் அவற்றை நீக்கினால் உலோகத்தின் ஒரு கை வெறுங்கையாய் நிற்கும். பற்றுதற்கு ஒன்றை வேண்டி நிற்கும் அக்கை, வரும் வளியை வன்மையாகக் கவரும். ஆங்காங் சட்டகத்தில் இம்மாற்றத்தைக் கண்ணாலேயே காணலாம். நீர் பற்றியிருக்கும்போது வெளிர்நீலமாய் இருந்தது நீர் நீங்கியவுடன் கருநீலமாகும்.

இரண்டாம் நெறி உலோகத்தை மாற்றல். ஒரே வடிவான சட்டகத்தைத் துத்தநாகம், நிக்கல், கோபால்ட்டு, மக்னீசியம் ஆகியவற்றுள் எதனைக் கொண்டும் கட்டலாம். எம்.ஓ.எஃப்.-74 என்னும் வகையில் இவ்வாறு ஒப்பிட்டு, மக்னீசியம் கொண்டதே குறைந்த அழுத்தத்திற் கரியமில வாயுவை மிகுதியாக ஏற்பது என 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் கண்டனர். அறையும் புழையும் வேறுபடவில்லை. முடிச்சின் இயல்பு வேறுபட்டது. பயன் பெரிதும் வேறுபட்டது. நம் கொள்கைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

மூன்றாம் நெறி இணைப்பியைத் திருத்தல். இணைப்பியின் உடலில் அமினோத் தொகுதி போன்ற கிளையொன்றை முன்னரே வைத்துக் கட்டினால், அக்கிளை அறையினுள் நீட்டி நிற்கும். அலுமினியம், சிர்க்கோனியம் முதலியவற்றாலான சட்டகங்கள் பலவற்றை 2013இல் ஒருசேர ஆராய்ந்த பிரெஞ்சு நாட்டார், அமினோத் தொகுதியுடைய சட்டகங்களே அயோடினை மிகுதியாகப் பற்றக் கண்டனர். அமினோவிலுள்ள நைட்ரஜன் தன்னிடமுள்ள எலக்ட்ரான் இணையை அயோடினுக்கு ஓரளவு ஈகின்றது. ஈகையால் இரண்டும் நெருங்கி நிற்கின்றன. இதை ஒத்த நிகழ்ச்சி பள்ளி மாணவரும் அறிந்ததே. சோற்றுக் கஞ்சியில் அயோடின் கரைசலை இட்டால் கருநீலம் தோன்றும். மாப்பொருளின் மூலக்கூறு சுருளாய் வளைந்து நிற்க, அச்சுருளின் உட்புழையில் அயோடின் வரிசையாகப் புகுந்து அமர்வதே அந்நிறத்திற்குக் காரணம்.

நான்காம் நெறி பின்னாக்கம். சட்டகம் முழுமையாகக் கட்டி முடிந்தபின், அதன் இணைப்பியில் உள்ள கிளையோடு வேறொரு பொருளை வேதிவினையாற் சேர்த்தல். 2007இல் கலிபோர்னியாவில் கோகனும் உடனாய்வாளரும் இதனை முறைப்படுத்தினர். கட்டும்போதே சேர்த்தால் கட்டுமானத்தைக் கெடுக்கக்கூடிய தொகுதிகளையும் இந்நெறியிற் பின்னர்ச் சேர்க்கலாம். பகுதி மாறாது நிற்ப, விகுதி மாறச் சொல்லின் தொழில் மாறுதல் போன்றது இது. செய் என்னும் ஒரு பகுதி செய்தான், செய்தாள், செய்தனர் எனத் திணை, பால், எண் உணர்த்தி நிற்றல் போல, ஒரு சட்டகம் அதனோடு சேர்ந்த தொகுதிக்கேற்ப ஒருகால் கரியமில வாயுவையும் ஒருகால் அயோடினையும் விரும்பி நிற்கும்.

ஐந்தாம் நெறி குறை படைத்தல். 2008இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தார் அளித்த சிர்க்கோனியச் சட்டகத்தில் ஒவ்வொரு முடிச்சும் பன்னிரண்டு இணைப்பிகளால் தாங்கப்படுகின்றது. அவற்றுட் சில இல்லாதொழியினும் கட்டடம் விழாது. படிகம் வளருங்கால் அசிட்டிக் அமிலம் சேர்த்து இக்குறையை வேண்டிய அளவில் உண்டாக்கினால் அறைகள் ஒன்றோடொன்று இணைந்து விரியும், உட்பரப்பு மிகும். மிகுந்த தாங்குதிறனே குறையைப் பொறுக்கும் ஆற்றலாயிற்று.

7. இயல்புப் புணர்ச்சியும் விகாரப் புணர்ச்சியும்

பரப்பில் வந்து ஒட்டும் மூலக்கூறு இருவகையாக ஒட்டும். ஒருவகையில் மூலக்கூறும் சுவரும் தத்தம் இயல்பு மாறாமல் மெல்லிய ஈர்ப்பால் மட்டும் நெருங்கி நிற்கும். மற்றொரு வகையில் புதிய வேதிப்பிணைப்புத் தோன்றி இரண்டும் மாறுபடும். வேதியியல் நூல்கள் இவற்றை இயற்பியற் கவர்ச்சி, வேதியியற் கவர்ச்சி என்னும். தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. பொன் என்பதும் மலை என்பதும் புணர்ந்து பொன்மலை என நிற்புழி இரண்டும் இயல்பாகவே உள்ளன. பொன் என்பதும் குடம் என்பதும் புணர்ந்து பொற்குடம் ஆகுழி னகரம் றகரமாகத் திரிந்தது. முன்னது இயல்புப் புணர்ச்சி. பின்னது விகாரப் புணர்ச்சி.

இசட்.ஐ.எஃப்.-8 தன் அறையுள் அயோடினை ஏற்றல் பெரும்பாலும் இயல்புப் புணர்ச்சியின்பாற்படும். ஆயின் அணுவுலைக் கழிவில் அயோடின் தனித்து மட்டும் வருவதில்லை. கரிமப் பொருளோடு சேர்ந்து மெத்தில் அயோடைடு என்னும் வடிவிலும் வருகின்றது. இது பிணிப்பதற்கு அரியது. வெறுஞ்சுவர் இதனைக் கைக்கொள்ளாது விட்டுவிடும். இதற்கு விகாரப் புணர்ச்சியே தக்கது. கரிக்கு முச்சிறை அமீன் வகையொன்றை ஊட்டும் தொழில்முறை இதுபற்றியே எழுந்தது. அமீனின் நைட்ரஜன் மெத்தில் தொகுதியைப் பற்றிக்கொள்ள, அயோடின் அயனியாய்த் திரிந்து, இரண்டும் சேர்ந்து உப்பாகித் தங்கும்.

2017இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இக்கருத்தைச் சட்டகத்துக்கு ஏற்றினர். 2005இல் பிரான்சு நாட்டு ஃபெரே குழுவினர் அளித்த எம்.ஐ.எல்.-101 என்னும் குரோமியச் சட்டகத்தின் வெறுங்கை முடிச்சுகளில் அவ்வமீனைப் பொருத்தினர். அமீனின் ஒருமுனை குரோமியத்தைப் பற்ற, மறுமுனை அறையை நோக்கி நின்றது. 150 பாகை செல்சியசு வெப்பத்திலும் அச்சட்டகம் தன் எடையில் 71 விழுக்காடு மெத்தில் அயோடைடைப் பிணித்தது. அதே நிலையில் வெள்ளி ஏற்றிய சியோலைட்டுப் பிணித்ததினும் இது மும்மடங்குக்கு மேற்பட்டது. கரியில் அமீன் தளர்வாக ஒட்டியிருப்பது. சட்டகத்திலோ ஒழுங்குற நிறுத்தப்பட்டது. ஒரே மருந்து, இடும் முறையால் பயன் வேறுபட்டது.

இவ்வுவமை முழுதும் பொருந்துவதன்று. சொற்புணர்ச்சியில் விகாரம் நேர்ந்தபின் சொல்லைப் பிரித்தல் இலக்கணியின் கருத்தளவில் நிகழ்வது. வேதியியலிலோ விகாரத்தையும் வெப்பத்தால் மீட்கலாம். 2012இல் பெர்க்லியிலுள்ள லாங்கு என்பாரின் குழுவினர் மக்னீசிய முடிச்சுகளில் இரட்டை அமீனைப் பொருத்திய சட்டகத்தை அறிவித்தனர். காற்றில் கரியமில வாயு இருக்கும் அளவிற்கு இணையான மிகக் குறைந்த செறிவிலும் அது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 88 மில்லிகிராம் அவ்வாயுவை ஏற்றது. வாயு உலோகத்துக்கும் அமீனுக்கும் இடையிற் புகுந்து இரண்டோடும் பிணைகின்றது என்பதும், ஒன்று புகுந்தவுடன் அடுத்ததற்கு வழி எளிதாகின்றது என்பதும் 2015இல் தெளிவாயின. வரிசையாக நிகழும் இப்புகுதலால், சிறிது சூடேற்றியவுடன் வாயு முழுதும் வெளிப்படுகின்றது.

கரியமில வாயுவை மீட்டெடுத்தல் வேண்டும். அயோடினை மீளவிடுதல் ஆகாது. ஒன்றுக்குப் பிடியும் விடையும் வேண்டும். மற்றொன்றுக்குப் பிடி மட்டும் வேண்டும். ஆதலின் எச்சட்டகம் சிறந்தது என்னும் வினா பொருளற்றது. எதற்குச் சிறந்தது என்பதே வினா.

8. எஞ்சி நிற்கும் இடையூறுகள்

முதல் இடையூறு நீர். எம்.ஓ.எஃப்.-5 ஈரக் காற்றிலேயே சிதையும். மக்னீசியச் சட்டகம் உலர்ந்த வளியிற் சிறந்து நிற்பினும் ஈரம் பட்டபின் தன் ஆற்றலிற் பெரும்பங்கை இழக்கின்றது. வெறுங்கையாய் நின்ற உலோகத்தை நீரே முந்திப் பற்றிக்கொள்வதால் வரும் கேடு இது. வறிதாக்கலாற் பெற்ற வலிமையே அதன் மெலிமையாயிற்று. ஆங்காங் சட்டகம் ஈரம் கலந்த அயோடின் ஆவியில் நீரினும் அயோடினையே விரும்பி, ஒரு கிராமுக்கு 1.75 கிராம் அளவில் ஏற்றமை 2013இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் நெடுநாள் நீரோடு நின்றால் அச்சட்டகமும் தளரும். சிர்க்கோனியச் சட்டகங்கள் நீரைத் தாங்குவதிற் சிறந்தவை.

இரண்டாம் இடையூறு, பிணித்தபின் காத்தல். 1 கோடியே 57 இலட்சம் ஆண்டு அரைவாழ்வுடைய பொருளைப் பிணித்தல் பாதிப்பணியே. இதற்கு ஒருவழி 2011இல் காணப்பட்டது. அயோடின் நிறைந்த இசட்.ஐ.எஃப்.-8 படிகத்தை ஓரளவு அழுத்தினால் அதன் ஒழுங்கான புழைகள் நெரிந்து மூடும். உள்ளிருக்கும் அயோடின் வெளிவர இயலாது நிற்கும். முதலில் ஒழுங்கு வேண்டிற்று, நுழைதற்கு. பின்னர் ஒழுங்கின்மை வேண்டிற்று, அடைத்தற்கு. அழுத்திய பொருளையும் கண்ணாடி முதலிய நிலையான பொருளுட் பொதிந்து வைத்தலே இறுதிக் காப்பாகும்.

மூன்றாவது, பெருமளவில் ஆக்குதல். ஆய்வகத்துக் குடுவையிற் சில கிராம் ஆக்குதல் வேறு. ஆலைக்கு வேண்டிய டன் கணக்கில் ஆக்குதல் வேறு. கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தார் 2021இல் விளக்கிய துத்தநாகச் சட்டகமொன்று இவ்வகையில் எடுத்துக்காட்டத்தக்கது. உட்பரப்பு அளவில் அது தலைசிறந்ததன்று. எனினும் ஈரப்புகையிலும் கரியமில வாயுவைப் பிரித்தெடுத்தலானும், மலிவான பொருள்களால் ஆதலானும், சிமெண்டு ஆலைப் புகையிற் சோதிக்கும் நிலையை எய்திற்று. ஒன்றே முக்கால் ஏக்கர் பரப்பு எய்தாத பெருமையை நீரைப் பொறுக்கும் சுவர் எய்திற்று.

நம் நாட்டிலும் பெங்களூருவிலுள்ள ஜவாகர்லால் நேரு மேனிலை அறிவியல் ஆராய்ச்சி மையத்தாரும் புணேயிலுள்ள இந்திய அறிவியற் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் நுண்டுளைச் சட்டகங்களைப் பற்றி ஆராய்ந்துள்ளனர்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். சட்டகத்தின் வெற்றிடம் பிணித்தற்கு இடந்தருமேயன்றிப் பிணிக்கும் ஆற்றலைத் தாராது. அவ்வாற்றல் உட்சுவரினது. சுவரைத் திருத்தும் நெறிகள் ஐந்தும் கட்டடத்தைக் குலைக்காமல் அதன் விருப்பத்தை மட்டும் மாற்றுவன. பிணிக்கப்படும் பொருளுக்கேற்பப் பிடியின் வன்மை வேறுபடல் வேண்டும்.

சொற்களைப் பொறுத்தவரை, உறிஞ்சலும் பரப்புக் கவர்ச்சியும் வேறு, புழையும் அறையும் வேறு, முன்னாக்கமும் பின்னாக்கமும் வேறு எனக் கொள்ளுதல் வேண்டும் என்பது எம் கருத்து. இவை யாவும் எளிய தமிழ்ச்சொற்களே. புதிதாக ஆக்க வேண்டியன மிகச் சில. பழையவற்றின் எல்லையை வரையறுத்துக் கொள்ளுதலே பெரும்பணி. புணர்ச்சியிலக்கணத்தை நுணுகி வகுத்த மொழிக்கு இப்பணி அரியதன்று. வேதியியல் பயில்வோரும் தமிழ் பயில்வோரும் ஒருங்கமர்ந்து இச்சொற்களை முறைப்படுத்துவாராயின், கல்பாக்கத்து ஆலையின் காப்பு முறைகளைப் பற்றி அக்கடற்கரை ஊரார் தம் தாய்மொழியிலேயே வினவவும் விடை பெறவும் இயலும்.